அண்ணன் மடியில் ஒரு கார் சீட்

1

எங்கள் தெருவில் இது பெரிய குப்பை எடுக்கிற வாரம். வருஷத்துக்கு ஒரு முறை கவுன்சில் லாரி வரும். அதற்குள் வேண்டாத சாமான்களை எல்லாம் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முழு சோபாவையே தூக்கி வெளியே வைத்திருக்கிறார். நம்ம ஊரில் அந்த சோபாவுக்கு இன்னும் ரெண்டு கல்யாணம் பார்க்கிற ஆயுசு இருக்கிறது. எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது, ஆனால் மெல்பர்னில் யாரிடம் போய்ச் சொல்வது.

என் வீட்டுக்காரர் செந்தில் காலையிலேயே கராஜைத் திறந்துவைத்து ஆரம்பித்துவிட்டார். ஓட்டை ஹோஸ் பைப், ஓடாத ஃபேன், எல்லாம் போயாயிற்று. கடைசியில் மூலையில் பழைய பெட்ஷீட் போட்டு மூடிவைத்திருந்த கார் சீட்டை இழுத்தார்.

"இதயும் போட்டுடலாம் சுமதி. யாழினிக்கு எப்பவோ பத்தாம போச்சு."

யாழினி எங்கள் ஒரே மகள். ஆறு வயது. இப்போது அவள் உட்காருவது, கார் பெல்ட் தோளுக்குச் சரியாக வரும்படி பிள்ளையை உயர்த்திக் காட்டுகிற, முதுகு வைத்த ஒரு பூஸ்டர் சீட்டில். இந்தப் பழைய சீட்டின் அடியில் எத்தனை வருஷம் உபயோகிக்கலாம் என்று அச்சடித்திருக்கிறது. அது முடியப்போகிறது. மாத்திரைக்கு இருக்கிற மாதிரி பிளாஸ்டிக் நாற்காலிக்கும் ஒரு தேதி. வாசலில் வைப்பதற்கு முன்னால் அதன் பட்டைகளை எல்லாம் வெட்டிவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் யாராவது எடுத்துக்கொண்டுபோய் இன்னொரு குழந்தையை உட்கார வைத்துவிடுவார்களாம். ஊரில் நாம் நல்ல சாமானை யாருக்காவது கொடுப்போம். இங்கே யாருக்கும் உதவாதபடி பண்ணித்தான் போட வேண்டும்.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டையைக் கையில் பிடித்ததும் கடலூரில் இருக்கும் என் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு வேலையும் ஓடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

அண்ணனுக்கு மஞ்சக்குப்பத்தில் ஹார்டுவேர் கடை. அப்பா நடத்தியது. அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்பாவும் நான் எட்டாவது படிக்கும்போது போய்விட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்த அண்ணன்தான் அப்புறம் எனக்கு எல்லாம். ஃபீஸ் கட்டுவது, ஜுரத்துக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவது, ஸ்கூல் திறக்கும்போது யூனிஃபார்ம் வாங்குவது, அத்தனையும் அவர்தான்.

யூனிஃபார்ம் வாங்கத் திருப்பாதிரிப்புலியூர் போவோம். கடைக்காரர் என் அளவுக்கு ஒன்றை எடுத்துப் போடுவார். அண்ணன் அதைத் தொடக்கூட மாட்டார்.

"வளர்ற புள்ளங்க. ரெண்டு சைஸு பெருசா குடுங்க."

ஜூன் மாதம் பாவாடை கணுக்காலில் தட்டும். சட்டைத் தோள் முழங்கையில் நிற்கும். அது சரியான அளவுக்கு வரும்போது சாயம் போயிருக்கும். என் வயசுப் பெண்கள் எல்லாருமே அப்படித்தான் திரிந்தோம், அதனால் யாரும் யாரையும் கேலி பண்ணவில்லை. செருப்புக்கு முன்னால் பஞ்சு வைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். ஒன்றை இன்றைக்கு இருக்கிற அளவுக்கே வாங்கினால் அது ஊதாரித்தனம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

இரண்டாயிரத்து நாலில் எனக்குக் கல்யாணம். செந்திலுக்குச் சிதம்பரம். கல்யாணமான கையோடு மெல்பர்ன் வந்துவிட்டோம். அந்த வருஷக் கடைசியில் தேவனாம்பட்டினத்தில் கடல் உள்ளே வந்த அன்றைக்கு, அண்ணனுக்கு போன் கிடைக்காமல் நான் போட்ட கூச்சலில் அடுத்த ஃப்ளாட் பெண்மணி ஓடிவந்து கதவைத் தட்டினாள். அண்ணன் சாயங்காலம் லைனில் வந்து, "கடைக்கெல்லாம் தண்ணி வரல, நீ சாப்ட்டியா" என்றார். அவர் அப்படித்தான்.

யாழினி பிறந்தது இரண்டாயிரத்து ஆறு கடைசியில். ஆஸ்பத்திரியில் குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால், காரில் அதற்குத் தனியாக சீட் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது. பின்பக்கம் பார்த்து உட்காருகிற சின்னத் தொட்டி மாதிரியான ஒன்று. அதில் யாழினியை வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அண்ணன் பிரவுசிங் சென்டரில் போய்ப் பார்த்துவிட்டு போன் பண்ணினார்.

"ஏன் சுமதி, புள்ளைய ஏன் செவுத்தப் பாக்க ஒக்கார வெச்சிருக்க? தண்டன குடுத்த மாதிரி."

அவள் கொஞ்சம் வளர்ந்ததும் அடுத்த சீட் வாங்கப் போனோம். அங்கேதான் என் கடலூர் புத்தி வேலை செய்தது. கடையில் அவள் வயசுக்கு ஒன்று இருந்தது, அதற்கடுத்த வயசுக்கு இன்னொன்று இருந்தது. நான் பெரியதைப் பிடித்துக்கொண்டேன். செந்தில் மெதுவாக, "லூசா இருக்காது?" என்றார். "வளர்ற புள்ளதானேங்க" என்றேன். அந்த வார்த்தை அண்ணனுடையது, குரல்கூட அவருடையது மாதிரிதான் எனக்கே கேட்டது.

வீட்டுத் தெருவிலேயே அதற்கு பதில் கிடைத்தது. ஒரு பூனை குறுக்கே ஓடியது. செந்தில் பிரேக் போட்டார், அதுவும் லேசாகத்தான். திரும்பிப் பார்க்கிறேன், பிள்ளை பட்டைக்குக் கீழே நழுவி, பட்டை கழுத்துக்கு வந்து நிற்கிறது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் அப்படியே திரும்பிக் கடைக்குப் போய் அதைக் கொடுத்துவிட்டு சின்னதை வாங்கி வந்தேன். இன்று என் மடியில் கிடக்கிறதே, அதுதான் அந்தச் சின்னது.

அன்றிலிருந்து கார் சீட் விஷயத்தில் நான் ஆளே மாறிவிட்டேன். தோள் எங்கே இருக்கிறது, பட்டை எந்தத் துளையிலிருந்து வருகிறது, இதெல்லாம் எனக்கு மனப்பாடம். பிள்ளையின் தோள் சீட் முதுகில் இருக்கிற கடைசி மேல் துளையைத் தாண்டிவிட்டால் அந்த சீட் அந்தக் குழந்தைக்கு இல்லை.

3

யாழினிக்கு மூன்று முடிந்ததும் காது குத்த வேண்டும் என்று சிதம்பரத்திலிருந்து என் மாமியார் நாள் பார்த்துவிட்டார். செந்தில் வீட்டுக் குலதெய்வம் சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக்கு அப்பால், உப்பங்கழி ஓரமாக இருக்கிற ஒரு அம்மன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணனுக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. போகாத ஆஸ்பத்திரி இல்லை, பாண்டிச்சேரியிலும் பார்த்தார்கள், மெட்ராஸிலும் பார்த்தார்கள். அப்புறம் ஒருநாள் போவதை நிறுத்திவிட்டார்கள். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. யாழினி பிறந்த சேதி கேட்டு அண்ணன் கடையில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தாராம். "மாமன் ஆயிட்டேன்" என்று வந்தவன் போனவனிடமெல்லாம் சொன்னாராம். அவருக்குக் கிடைத்த மடிப்பிள்ளை இந்த ஒன்றுதான்.

அந்த வருஷம்தான் அவர் ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். போனில் அவரிடம் முதலில் கேட்டதே, பின்சீட்டில் பெல்ட் இருக்கிறதா என்றுதான்.

"இருக்குது, சீட் கவருக்குள்ள இருக்குது. தோண்டி எடுத்துடலாம்."

"பெல்ட்டு மட்டும் போதாதுணா. சீட்டு முதுகுலேர்ந்து ஒரு பட்ட வரும். அத பின்னால ஒரு கொக்கியில மாட்டணும். நம்ம ஊரு வண்டியில கொக்கி இருக்காது."

"அவ்ளோதானே. அடிச்சிடலாம்."

கடையிலிருந்தே நல்ல போல்ட்டாக ஒன்றை எடுத்துக்கொண்டு போய், பட்டறையில் துளை போட்டு, அடியில் இரும்புத் தகடு வைத்து முறுக்கிவிட்டு போன் பண்ணினார். "நாலு பேரு புடிச்சி இழுத்துப் பாத்துட்டோம். வண்டிதான் நவுருது, போல்ட்டு நவுரல."

அப்படியே, யாழினிக்குக் காதுகுத்துக்கு வாங்குகிற பட்டுப்பாவாடைக்கு அளவு கேட்டார். சொன்னேன். "சரி, ரெண்டு சைஸு சேத்து எடுக்கறேன், ஒங்க அண்ணி டக்கு புடிச்சி உள்ள மடிச்சித் தெச்சிடுவா" என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "மெட்ராசுல இந்த சீட்டு கெடைக்குமா? கெடைச்சா பெருசா ஒண்ணு வாங்கிப் போட்டா நாலஞ்சி வருஷத்துக்கு வருமே" என்றார். எனக்கு அந்தப் பூனை ஞாபகம் வந்துவிட்டது.

"ஐயோ, இது பாவாட இல்லணா. வளர்றதுக்குச் சேத்து வாங்கற சாமானே இல்ல இது. இன்னிக்கு புள்ள எம்மாம் இருக்காளோ அம்மாம்தான் வாங்கணும். பெருசா வாங்கினா உயிருக்கு ஆபத்து. நீ ஒண்ணும் வாங்காத, நான் எடுத்தாறேன்."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"சரி சரி. எனக்குத் தெரியாதுல்ல" என்றார்.

4

இரண்டாயிரத்துப் பத்து ஜனவரியில் போனோம். சென்னை ஏர்போர்ட்டில் அந்த சீட்டைப் பார்த்த சுங்க அதிகாரி அதை இப்படியும் அப்படியும் புரட்டி, "இதுல யாரு ஒக்காருவாங்க?" என்றார். செந்தில் யாழினியைக் காட்டினார். அதிகாரி அவளைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஒனக்கு உங்கம்மா மடி இல்லியா?" என்று கேட்டார். அவள் என் பின்னால் போய் நின்றுகொண்டாள். தமிழ் புரியும், பேச மாட்டாள்.

வெளியே அண்ணன். சீட்டை வாங்கி, தானே போல்ட்டில் மாட்டி, தானே பட்டையை இழுத்துப் பார்த்தார். கடலூர் வரைக்கும் யாழினி அதில் தூங்கிக்கொண்டே வந்தாள். அண்ணன் முன்னாலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, "சூப்பரா இருக்குது சுமதி, ஏரோபிளேன் சீட்டு கணக்கா" என்றார்.

காதுகுத்து அன்றைக்குக் காலையில்தான் வினை. அண்ணனுடைய சிநேகிதர் ரவி வண்டி ஓட்ட வந்திருந்தார். தாய்மாமன் பிள்ளையை வைத்துக்கொண்டு வர வேண்டுமே, அவர் எப்படி ஓட்டுவார். புது வேட்டி சரசரக்கப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, மடியைத் தட்டிக் கையை நீட்டினார்.

"குடு புள்ளைய."

"ணா, அவ சீட்டுலதான் வரணும்."

"அது ஏர்போர்ட்லேர்ந்து வரத்துக்குத்தானே?"

"எப்பவுமே."

"இங்கேர்ந்து செதம்பரம் எம்மாந்தூரம்? புதுச்சத்திரம் தாண்டினா வந்துச்சி."

"தூரம் ஒண்ணும் இல்லணா. பிரேக் புடிச்சா எந்தக் கையும் நிக்காது. எவ்ளோ பலமா புடிச்சிருந்தாலும் புள்ள பறந்துடும்."

அண்ணி தாம்பாளத்தோடு நின்றுகொண்டிருந்தாள். "ஒருநாளுதானே சுமதி. மாமன் மடியில வெச்சி எடுத்தாந்து எறங்கணும். அங்க ஒங்க மாமியாரு, சொந்தக்காரங்க எல்லாம் பாத்துக்கிட்டிருப்பாங்க. சீட்டுலேர்ந்து பார்சல் பிரிக்கிற மாதிரி பிரிச்சி எடுத்துக் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

செந்தில் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றார். இந்த மாதிரி நேரத்தில் அவர் வாயைத் திறந்ததாகச் சரித்திரமே இல்லை.

அண்ணன் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சமமாகியிருக்கும். "ஒன்ன எத்தினி வாட்டி மொபெட்ல முன்னால நிக்க வெச்சி தேவனாம்பட்டினம் பீச்சுக்குக் கூட்டிக்கினு போயிருக்கேன். எங்கியாச்சும் வுட்டுட்டு வந்தனா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லணா" என்றேன். "ஆனா இது சீட்டுலதான்."

அவர் இறங்கினார். யாழினியைத் தூக்கி சீட்டில் உட்கார வைத்து, நான் சொல்லிக்கொடுத்திருந்தபடியே ரெண்டு கையையும் பட்டைக்குள் நுழைத்து, பக்கிளைப் போட்டார். இழுத்துப் பார்த்தார். "டைட்டா இருக்குதா பாரு" என்று என்னிடம் கேட்டுவிட்டு, முன்னால் போய் ரவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சிதம்பரம் வரைக்கும் கடைப் பேச்சுதான் பேசினார்.

5

கோயிலில் பத்தர் ஊசியோடும் கம்பியோடும் உட்கார்ந்திருந்தார். மணைப்பலகையில் அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தட்டில் அவர் கொண்டுவந்த சீர், பாவாடை, கம்மல். சுற்றிலும் செந்தில் வீட்டு ஜனம். யாழினி டக் பிடித்த பட்டுப்பாவாடையில் நடந்துவந்தாள், பத்தர் கையில் இருப்பதைப் பார்த்தாள், அவ்வளவுதான். அண்ணன் மடியில் உட்கார வைக்கப் போனால் உடம்பைக் கம்பு மாதிரி விறைத்துக்கொண்டாள். மாமியார் சர்க்கரை காட்டினார், அண்ணி சாக்லேட் காட்டினாள். அவளோ கோயிலே அதிருகிற மாதிரி ஒரே வார்த்தையைச் சொல்லி அழுதாள்.

"மை சீட்! மை சீட்!"

"இன்னா கேக்குது புள்ள?" என்றார் மாமியார்.

செந்தில் அப்போதுதான் வாயைத் திறந்தார். "கார் சீட்டு வேணுமாம்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவளுக்குத் தெரிந்த பத்திரமான இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான், நான்தான் அப்படி வளர்த்திருக்கிறேன். அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் அந்த சீட்டைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். மறுபடி மணையில் உட்கார்ந்து, அத்தனை பெரிய சீட்டைத் தூக்கித் தன் மடிமேல் வைத்துக்கொண்டார்.

"இப்ப ஒக்கார வை" என்றார்.

யாழினி ஏறி உட்கார்ந்தாள். பக்கிளைப் போடச் சொன்னாள். போட்டேன். அழுகை நின்றுவிட்டது.

பத்தர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "மடியில ஒக்காந்தாத்தான் சார் முறை."

"நீ குத்துய்யா. மடி இங்கதான் இருக்குது. நடுவுல ஒரு பிளாஸ்டிக்கு, அவ்ளோதான்."

குத்தி முடித்து, பூ போட்டு, போட்டோ எடுத்து, கூட்டம் பந்திக்கு நகர்ந்த பிறகுதான் அண்ணனால் எழுந்திருக்க முடிந்தது. சீட்டின் அடியில் இருந்த விளிம்பு தொடையில் பதிந்து, வேட்டிக்கு மேலேயே கோடு தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டார்.

"எம்மாம் வெயிட்டு. சீட்டுக்கும் சேத்துக் கம்மல் போட்டிருக்கணும் நாம" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

6

நான் அன்றைக்குச் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். கடலூர் சிதம்பரம் ரோட்டைப் பார்த்தவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். எதிரில் வருகிற பஸ் நம் பக்கத்தில்தான் வரும். மறுபடி அதே காலை வந்தால் மறுபடியும் அவளை சீட்டில்தான் வைப்பேன்.

என் வருத்தம் வேறே. வண்டி ஓடாத நேரம் எத்தனை இருந்தது. கூடத்தில் நாற்காலி இருந்தது, கடையில் ஸ்டூல் இருந்தது, சாயங்காலம் கரண்ட் போய் எல்லாரும் மொட்டைமாடியில் பாய் போட்டு உட்கார்ந்திருந்த நேரம் இருந்தது. "போடி, மாமா மடியில போய் ஒக்காரு" என்று ஒருதரம் அவளைத் தள்ளிவிட்டிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. பேங்க், சொந்தக்காரர் வீடு, புடவைக் கடை, மறுபடி பேங்க் என்று ஓடிக்கொண்டிருந்தேன். பிள்ளை எங்கே போகப்போகிறாள், அடுத்த தடவை உட்காருவாள் என்று நினைத்தேன். அப்படிக்கூட நினைத்தேனா தெரியவில்லை.

அடுத்த தடவை என்பது இங்கே சுலபமாக வருவதில்லை. செந்திலுக்கு வேலை மாறியது, சேர்ந்தவுடன் லீவு கிடையாது. எனக்கு சிட்டிசன்ஷிப் விண்ணப்பம், பாஸ்போர்ட் மாற்றம், புது விசா. பிறந்த ஊருக்குப் போக விசா கேட்டு வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். காலையில் பிள்ளையை சீட்டில் வைத்து டக்கென்று பக்கிள் போட்டு, ஸ்கூலில் விட்டு, வேலைக்குப் போய், திரும்பக் கூட்டிவந்து, டக்கென்று கழற்றி. இப்படியே ஓடியது. ஒருநாள் பட்டையை மாட்டும்போது பார்த்தேன், தோள் மேல் துளையைத் தாண்டியிருந்தது. பூஸ்டர் வாங்கினோம். இந்த சீட் பெட்ஷீட்டுக்குள் போனது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கைப்பில் அண்ணன் வருவார். யாழினி வந்து, "ஹலோ மாமா, சாப்ட்டீங்களா" என்பாள். அது நான் பழக்கிய வசனம். அதற்கு மேல் அவளிடம் தமிழ் இல்லை, அவரிடம் இங்கிலீஷ் இல்லை. அவர் அவள் ஓடிப்போன பிறகும் கொஞ்ச நேரம் ஸ்கிரீனில் வெற்று நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்கிரீனில் எல்லாப் பிள்ளைகளும் மூஞ்சி மட்டும்தான் தெரிகிறார்கள். எவ்வளவு உயரம் என்று தெரிவதில்லை.

7

இந்த வருஷம் ஜூலையில் போனோம். பூஸ்டரைப் பெட்டியோடு பெட்டியாகக் கட்டிக்கொண்டேன், அண்ணனிடம் சொல்லவில்லை. அவர் ஏர்போர்ட்டில் எங்களைப் பார்த்ததும் முதலில் யாழினியைத்தான் தேடினார். அவள் எனக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் கழித்துத்தான் அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"என்னா வளத்தி" என்றார். அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னார். அப்புறம் வண்டியண்டை போய்ப் பின்கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார்.

உள்ளே ஒரு கார் சீட். புத்தம் புதுசு, நீலக் கலர். பாண்டிச்சேரியில் எங்கேயோ சொல்லி வரவழைத்திருக்கிறார். பெல்ட் போக வேண்டிய வழியில் போயிருந்தது. மேல் பட்டை அவர் அன்றைக்கு அடித்த போல்ட்டில் மாட்டி, இறுக்கி, மிச்சத்தைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். டிரைவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு வட்டக் கண்ணாடி ஒட்டியிருந்தது. "நான்தான் ஓட்டப்போறேன். திரும்பிப் பாக்காமலே புள்ள மூஞ்சி தெரியும்" என்றார்.

ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் எடுத்துச் சொன்ன அத்தனையும் அப்படியே இருந்தது. அளவு மட்டும் காதுகுத்து போட்டோவில் இருக்கிற யாழினிக்கு.

அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "மம்மி, திஸ் இஸ் ஃபார் லிட்டில் கிட்ஸ்" என்றாள்.

"இன்னா சொல்லுது?"

நான் அவளை ஏற்றி உட்கார வைத்துப் பார்த்தேன். தோள் மேல் துளைக்கு மேலே எங்கேயோ இருந்தது. முட்டி முன்சீட்டை இடித்தது. அண்ணன் குனிந்து அதையே பார்த்தார். அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நீதானே சுமதி சொன்ன, வளர்றதுக்குச் சேத்து வாங்கக்கூடாதுன்னு" என்றார். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே எங்கே தப்பு நடந்தது என்று யோசித்துச் சொன்ன மாதிரி இருந்தது. "அதான் அந்த அளவுக்கே கேட்டு வாங்கினேன்."

பெட்டியைப் பிரித்து பூஸ்டரை எடுத்து இன்னொரு பக்கம் வைத்தேன். நீல சீட்டைக் கழற்றலாம் என்று செந்தில் போனார். "இருக்கட்டும் மாப்ள, நேரமாவுது" என்றார் அண்ணன். அதைக் காலியாகவே வைத்துக்கொண்டு, நடுவில் நான் நெருக்கிக்கொண்டு, கடலூர் வந்து சேர்ந்தோம். வட்டக் கண்ணாடியில் அந்த நீல சீட்டுதான் தெரிந்துகொண்டிருந்தது.

மறு வாரம் கிள்ளைக்குப் பொங்கல் வைக்கப் போனோம். யாழினிக்குப் போட அண்ணி பீரோவிலிருந்து அந்தக் காதுகுத்துப் பட்டுப்பாவாடையை எடுத்தாள். நாங்கள் போகும்போது அவளிடமே விட்டுவிட்டுப் போயிருந்தோம். டக்கை எல்லாம் முந்தின நாளே பிரித்துவைத்திருந்தாள். போட்டுப் பார்த்தால், அளவெடுத்துத் தைத்த மாதிரி கணுக்காலில் வந்து நின்றது. "பாத்தியா" என்று அண்ணி சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

போன வருஷக் கடைசியில் அடித்த புயலில் வழியெல்லாம் மரம் சாய்ந்து, ரோடு இன்னும் மொட்டையாகவே இருந்தது. கிள்ளை தாண்டிக் கோயிலுக்குத் திரும்புகிற மண்பாதையில் வண்டி நடக்கிற வேகத்தில்தான் போக முடியும். அந்த இடத்தில் நான் அண்ணனை வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"ணா, நீ பின்னால வா. அவரு ஓட்டட்டும்."

"ஏன்?"

"வா சொல்றேன்."

செந்தில் ஸ்டியரிங்குக்குப் போனார். நான் இறங்கி இடம் விட்டேன். அண்ணன் ஏறி உட்கார்ந்தார். யாழினியின் பெல்ட்டை நானே கழற்றினேன். என் வாழ்க்கையில் ரோட்டில் அதைக் கழற்றியது அன்று ஒருநாள்தான்.

"யாழினி, மாமா மடியில ஒக்காரு."

அவள் அவர் மடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "நோ மம்மி. ஐ'ம் பிக்" என்று சொல்லி, பெல்ட்டைத் தானே எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

அண்ணனுக்கு அந்த இங்கிலீஷ் புரிந்துவிட்டது. "வுடு சுமதி. பொம்பளப் புள்ள, வெக்கப்படுது" என்றார். காலடியில் பொங்கல் பானை ஆடிக்கொண்டிருந்தது. அதை எடுத்து நீல சீட்டில் வைத்து, ரெண்டு பக்கமும் பட்டையை இழுத்து, பக்கிளைப் போட்டு, ஒருதரம் அசைத்துப் பார்த்தார்.

"ம். நவுரல" என்றார்.

கோயில் வரைக்கும் ஒரு கையை அந்தப் பானைமேலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

8

இப்போது பட்டையை வெட்டிவிட்டேன். கெட்டியான பட்டை, கத்தரிக்கோலுக்கு மசியவில்லை. செந்தில் கறிவெட்டுகிற கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார். சீட்டை வாசலில் கொண்டுபோய் அந்த சோபாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். என்னமோ மனசு கேட்கவில்லை, அண்ணனுக்கு போன் போட்டேன். கடையில் இருந்தார். பின்னால் யாரோ ஆணி நிறுத்துக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது.

"அந்த நீல சீட்ட யாருக்காச்சும் குடுத்துட்டியாணா?"

"யாருக்குக் குடுக்கறது. வண்டியிலதான் இருக்குது" என்றார். அப்புறம், "நல்ல வேள நீயே பேசின. பாண்டியில அந்தக் கடக்காரன் பெருசு வந்திருக்குதுன்னான். புள்ள இப்ப எம்மாம் ஒசரம் இருக்கா? சரியா அளந்து சொல்லு. இந்த வாட்டி தப்பு பண்ண மாட்டேன்."

அடுத்து நாங்கள் போவது எந்த வருஷம் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக் கடன் இருக்கிறது, செந்திலுக்கு மறுபடி வேலை மாறும் போலிருக்கிறது. எப்போது போனாலும் அதற்குள் யாழினிக்கு எந்த சீட்டும் தேவைப்படாது, பெரியவர்கள் மாதிரி சும்மா பெல்ட் போட்டுக்கொண்டு உட்காருவாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். வாங்காதே அண்ணா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பெருசாவே வாங்குணா" என்றேன். "ரெண்டு சைஸு சேத்தே வாங்கு. வளர்ற புள்ள."